பெஞ்சில் யார் உட்காரலாம்? – பாறசாலைச் சாயக்கடைக் கதை

ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு மலையாளி சாயக்கடை போட்டிருந்தார் என்ற ஜோக்கைக் கேட்காத வளைகுடாத் தமிழர் இருக்க முடியாது. எங்க ஊர்க்காரங்களுக்கு இந்த ஜோக்கில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அந்தக் கடைக்காரர் மலையாளியா தமிழரா என்று முடிவு பண்ணவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும் :-)

எங்க ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிற ஒரு எல்லைக் கிராமம். திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பி.காம். படித்தது எல்லைக்கு அந்தப்பக்கம் மார்த்தாண்டத்தில். இப்போது துபாயில் ஒரு வங்கியில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். சரித்திரம் படித்தவன் இல்லை. ஆனால் எந்தக் கணக்கையும் முதல் வரியிலிருந்து பார்த்துப் பழகிவிட்டது.

இங்கே வெள்ளிக்கிழமை வந்தால் "நல்ல கஃபே எது?" என்பதுதான் நம் வீடுகளில் பெரிய கேள்வி. மெத்தை நாற்காலி, மஞ்சள் வெளிச்சம், மெல்லிசாக ஒரு பாட்டு. பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் "கஃபே கல்ச்சர் எல்லாம் நமக்கு இப்பதான் வந்தது" என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் வாய் திறக்கத் தோன்றும். நம்ம ஊர்ச் சாயக்கடைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் சாயாவை விட முக்கியமான சாமான் பெஞ்ச். அதில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதுதான் கதை.

சாயா வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் ஜனங்கள் என்ன குடித்தார்கள்? காலையில் கஞ்சித்தண்ணி. பனைக்காலத்தில் அக்கானி (உங்கள் ஊரில் பதநீர்). மழைக்காலத்தில் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி. பெயரில்தான் காப்பி, உள்ளே காப்பித்தூள் இருக்காது. வழிநடையாகப் போகிறவர்களுக்கு வழியம்பலமும் சுமைதாங்கிக் கல்லும் உண்டு, சில இடங்களில் சம்பாரம் (நீர்மோர்) ஊற்றுவார்கள்.

திருவிதாங்கூர் அரசாங்கம் நடத்திய ஊட்டுப்புரைகளும் இருந்தன. அங்கே சாப்பாடு இலவசம், ஆனால் பிராமணர்களுக்கு மட்டும். கஜானாவில் இருந்த வரிப்பணம் எல்லா ஜாதிக்காரர்களும் கட்டியது. பனையேறியும் கட்டினான், நெசவாளியும் கட்டினான். சாப்பிட உட்கார முடிந்தது ஒரு கூட்டத்தால் மட்டும்தான். வரவு எல்லாரிடமிருந்தும், செலவு ஒரே தலைப்பில். எந்த ஆடிட்டர் இதைப் பாஸ் பண்ணுவார் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பும் இதே மண்ணிலிருந்துதான் வந்தது. தெற்கே சாமித்தோப்பில் வைகுண்டசாமி (1809–1851) எல்லா ஜாதிக்காரர்களையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார், ஒரே பந்தியில் உட்கார வைத்தார். அந்தக் கிணறு, முத்திரிக் கிணறு, இன்னும் இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் நெய்யாற்றங்கரையில் இருக்கிற அருவிப்புரத்தில் 1888-ல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை பண்ண உனக்கு என்ன உரிமை என்று கேட்ட காலம் அது. தண்ணீர், சோறு, சாமி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய பிறகுதான் சாயா வருகிறது.

தேயிலைச் செடி எங்கள் பக்கம் புதுசு. மூணாறுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் 1877-ல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்தார். முதலில் காப்பியும் சின்கோனாவும் போட்டுப் பார்த்தார்கள். காப்பிச் செடியை இலைத்துரு நோய் அடித்துத் தள்ளியது. அதற்குப் பிறகுதான் மலைகள் முழுக்கத் தேயிலை. எங்களுக்குப் பக்கத்திலேயே பொன்முடியிலும் போணக்காட்டிலும் எஸ்டேட்டுகள் வந்தன. ஆனால் விளைந்தது எல்லாம் கப்பல் ஏறிப் போய்விடும். மலையில் கொழுந்து கிள்ளியவர் வாயில் அந்த நல்ல தேயிலை பட்டதே இல்லை.

பிறகு எப்படி அது எங்க முக்குக்கு வந்தது? இங்கேதான் காமர்ஸ் வருகிறது. 1929-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். தேயிலை விலை படுத்துவிட்டது. 1933-ல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றிலும் இருந்த உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஏற்றுமதிக்கு உச்சவரம்பு போட்டுக்கொண்டார்கள். மிச்சச் சரக்கை என்ன செய்வது? உள்ளூர்க்காரனைக் குடிக்க வை! அப்புறம்தான் ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டுவது, இலவசமாக ஒரு கப் கொடுப்பது, ரயில்வே ஸ்டேஷனில் எனாமல் விளம்பரப் பலகை மாட்டுவது எல்லாம் மும்முரமானது. நாம் 'பாரம்பரியம்' என்று நினைக்கிற டீ, ஒரு தேங்கிப் போன சரக்கின் மார்க்கெட்டிங். கூடவே 1930-களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற இயந்திரம். அந்தத் தூள் ஒரு கிலோவுக்கு அதிக கப் கொடுக்கும், பால் ஊற்றினாலும் நிறமும் கடுப்பமும் போகாது. சாயக்கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

காப்பி நாகரிகம் வேறே கதை. தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் பித்தளை டபராவோடு உட்கார்ந்துகொண்டது. டீ தெருவில் உழைக்கிறவர்களோடு நின்றது. தெற்குத் திருவிதாங்கூரில் தெருதான் ஜெயித்தது.

ஓலைக்கூரை, முன்னால் ஒரு சாய்ப்பு, கண்ணாடி அலமாரியில் ரசவடை, பருப்புவடை, பழம்பொரி, முந்திரிக்கொத்து. உள்ளே பித்தளைச் சமோவர். அதற்குள் ஒரு காசைப் போட்டு வைத்திருப்பார்கள். தண்ணீர் கொதிக்கும்போது காசு கிலுகிலு என்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். அலாரம் வைத்த கெட்டிலுக்கு இங்கே எத்தனை திர்ஹம் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காசு கொடுத்தால் சாயா. இது கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பிறப்பைப் பார்த்து இலை போட்ட ஊரில், காசைப் பார்த்துக் கிளாஸ் வைக்கிற கடை என்பது கொள்கையளவில் ஒரு புரட்சி. கொள்கையளவில் என்று ஏன் சொல்கிறேன் என்றால் நடைமுறை அப்படி இல்லை. காசை வாங்கிக்கொண்டார்கள், பெஞ்சைக் கொடுக்கவில்லை. புலையர், பறையர் ஜாதிக்காரர்கள் கடைக்கு வெளியே நிற்க வேண்டும். அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் கிடையாது, சிரட்டையில் ஊற்றுவார்கள். எங்க பாட்டா சின்னப்பிள்ளையாக இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தவர். "காசு சில்லறை மட்டும் தீட்டு இல்லை பாத்தியா மக்களே" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பாக இருக்காது.

இதை உடைத்த மனிதரும் எங்க மாவட்டக்காரர்தான். வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி. 1893-ல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். நடக்கவே விடாத சாலையில் வண்டி! பாலராமபுரம் சாலியர் தெருவில் அவர் கூட்டத்தை வழிமறித்து அடிதடி நடந்தது. (அந்தச் சாலியர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து ராஜா வரவழைத்துக் குடியேற்றிய நெசவாளர்கள். நம்மாட்கள் எல்லாப் பக்கமும் இருந்திருக்கிறோம், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.) 1907-ல் அவர் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார்.

1910-களில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குப் போனார் அய்யன்காளி. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். அந்தத் தீயில் பாதி கருகிய ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 2022-ல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள். ஒரு எட்டு வயசுப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்ததற்காகக் கட்டடத்தை எரித்த ஊர் என்றால், சாயக்கடைப் பெஞ்ச் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. கோயில் திறந்துவிட்டால் கடை தானாகத் திறந்துவிடும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய அரசியல் சட்டங்களில் ஒன்று, சாயக்கடையை நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறது. எழுத வேண்டி இருந்தது என்பதுதான் விஷயம். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, கடையில் இடம் மறுத்தால் தண்டனை என்றது. சென்னையில் 1957-ல் கூட ஒரு ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இரட்டைக் குவளைச் செய்தி இன்றைக்கும் அவ்வப்போது பேப்பரில் வருகிறது. அதனால் 'அந்தக் காலத்தில்' என்று முழுசாகச் சொல்லவும் முடியவில்லை.

ஜாதிக்கணக்கு ஓரளவு தீரும் நேரத்தில் அடுத்த கணக்கு தொடங்கியது. பாஷை.

1956 வரைக்கும் திருவிதாங்கூரின் தெற்கு எல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. களியக்காவிளை சும்மா வழியில் இருக்கிற ஒரு சந்தை. 1953 டிசம்பரில் மாநில மறுசீரமைப்புக் கமிஷன் போட்டார்கள். மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்குப் (அப்போது மதராஸ் மாநிலம்) போயின. செங்கோட்டையும் போனது. அவர்கள் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையின் தெற்குப் பகுதியும் இருந்தது, ஆனால் அது கேரளாவிலேயே நின்றுவிட்டது. எங்க குடும்பம் மாதிரி வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அப்படியே இந்தப்பக்கம் தங்கிவிட்டோம். பாட்டாவின் தங்கை வீடு இரண்டு மைல் தள்ளி வேறே மாநிலம் ஆகிவிட்டது.

இந்த அரசியல் எல்லாம் எங்கே பேசப்பட்டிருக்கும்? வேறே எங்கே, பெஞ்சில்தான். திருவிதாங்கூரில் பேப்பர் படிக்கிற பழக்கமும் சாயா குடிக்கிற பழக்கமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். ஒருத்தர் சத்தமாகப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். நெய்யாற்றின்கரையில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, திவானைப் பற்றி எழுதியதற்காக 1910-ல் அச்சு இயந்திரத்தைப் பறிகொடுத்து நாடு கடத்தப்பட்டார். எங்கே தெரியுமா? திருநெல்வேலிக்கு! தினமலர் 1951-ல் தொடங்கியது மதுரையிலோ நெல்லையிலோ இல்லை, திருவனந்தபுரத்தில். தமிழ்ப் பகுதிகள் இணைய வேண்டும் என்ற பேச்சு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. எல்லை பிரிந்த மறுவருஷம் நெல்லைக்குப் போனது.

நான் பார்த்த கடைகளில் மனோரமாவும் கேரள கௌமுதியும் ஒரு பெஞ்சில், தினத்தந்தி அடுத்த பெஞ்சில் கிடக்கும். சுவரில் 'இங்கே அரசியல் பேசக்கூடாது' என்று ஒரு அட்டை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ராத்திரி எட்டு மணி வரைக்கும் அரசியல்.

இந்த அட்டைக்கு ஒரு ராஜ பரம்பரையே உண்டு. இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் லண்டன் காப்பிக்கடைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டார். காரணம் காப்பி இல்லை, அங்கே நடந்த பேச்சு. ஜனங்கள் எதிர்த்த எதிர்ப்பில் உத்தரவு அமலுக்கு வருவதற்கு முன்பே வாபஸ் ஆனது. நம்ம தொழிலில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். இன்ஷூரன்ஸ் உலகின் லாயிட்ஸ், எட்வர்ட் லாயிட் நடத்திய காப்பிக்கடையில் கப்பல்காரர்கள் கூடியதில் பிறந்தது. ஜோனதன் காப்பிக்கடையில் ஜான் காஸ்டெய்ங் 1698-ல் விலைப்பட்டியல் போட ஆரம்பித்தார், லண்டன் பங்குச்சந்தையின் வேர் அங்கே.

எங்க முக்கிலும் ஒரு பங்குச்சந்தை இருந்தது. தேங்காய், ரப்பர் ஷீட், மாடு, நிலம் எல்லாம் சாயக்கடையில்தான் விலை முடியும். நிலத்தரகர் இரண்டு பாஷையும் தெரிந்தவராக இருப்பார். வெறும் பேச்சு பாஷை போதாது, காகித பாஷையும் வேண்டும். இந்தப்பக்கம் 'ஆதாரம்', அந்தப்பக்கம் 'பத்திரம்'. இந்தப்பக்கம் 'தண்டப்பேர்', அந்தப்பக்கம் 'பட்டா'. ஆர்டர் கொடுப்பதும் அப்படித்தான்.

"அண்ணே, கடுப்பத்துல ஒரு சாயா."

"சீனி?"

"குறச்சு மதி."

இது தமிழா மலையாளமா என்று கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும். இது ஆர்டர், அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'பற்று'. பி.காம். படித்த காலத்தில் டெபிட்டுக்குத் தமிழில் பற்று, கிரெடிட்டுக்கு வரவு என்று தெரிந்துகொண்டேன். மலையாளத்திலும் சாயக்கடையில் கடன் சொல்லிக் குடிப்பதற்குப் பெயர் பற்றுதான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் அந்தப் பற்றுப்புத்தகத்தில் எல்லைக்கோடு கிடையாது. தமிழில் ஒருத்தர் பேர், அடுத்த வரி மலையாளத்தில். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. கே.ஒய்.சி. என்று நாங்கள் இன்று பத்துக் காகிதம் கேட்கிறோமே, கடைக்காரருக்கு உங்கள் வீட்டுப்பேர் தெரிந்தால் போதும். கல்ஃபுக்குப் போன பையனின் முதல் டிராஃப்டில் அப்பன் ஆறுமாசப் பற்றைத் தீர்த்த கதை எங்க ஊரில் ஒன்றா இரண்டா. கடைக்காரர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எத்தனையோ லோன் அக்கவுன்ட் நான் குளோஸ் பண்ணியிருக்கிறேன், அந்தக் கோட்டின் கம்பீரம் எதற்கும் வரவில்லை.

எல்லை வந்ததால் கடைகள் நசியவும் இல்லை. அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காகிதம் சரியாகும் வரைக்கும் டிரைவரும் கிளீனரும் என்ன செய்வார்கள்? சாயா குடிப்பார்கள். வரி, சாவடிக்குப் போனது. வெயிட்டிங் சார்ஜ், சாயக்கடைக்குப் போனது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வணிகவரிச் சாவடிகள் போயின, வரிசையும் போனது. 2020-ல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோதுதான் எங்க ஆட்களுக்கு நிஜமாக அது எல்லை என்று உறைத்தது. ஊர் திரும்புகிறவர்கள் பாஸ் வாங்கி இஞ்சிவிளை வழியாக நுழைய வேண்டி வந்தது. பெஞ்சுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்த படங்களை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். 1956-ல் கூட நடக்காதது அது.

சாயக்கடை ஒருபக்கம் இப்படி என்றால், நகரத்தில் காப்பி ஹவுஸ் வேறொரு வேலை செய்தது. காப்பி விற்பனையைப் பெருக்க 1936-ல் பம்பாயில் முதல் கடை திறந்தார்கள். 1950-களில் காப்பி போர்டு தன் கடைகளை மூட முடிவு பண்ணி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை எடுத்து நடத்தினார்கள். கேரளாவில் 1958-ல் திருச்சூரில் தொடங்கியது. வெள்ளை யூனிஃபாரம், விசிறி வைத்த தலைப்பாகை, பீட்ரூட் போட்ட மசால்தோசை. பரிமாறுகிறவரே சங்கத்தில் உறுப்பினர், அதாவது உங்களுக்குக் காப்பி கொண்டுவருகிறவர் கடைக்குச் சொந்தக்காரர்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காப்பி ஹவுஸ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கட்டிய வட்டமான செங்கல் கோபுரம். படிக்கட்டே கிடையாது. சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் பாதையின் ஓரத்தில் மேஜையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டியிருக்கிறார். பாறசாலையிலிருந்து பஸ் பிடித்துப் போய் முதன்முதலில் அங்கே உட்கார்ந்த நாள் நினைவிருக்கிறது. கூலிக்காரர், வக்கீல், வெள்ளைக்கார டூரிஸ்ட் எல்லாரும் ஒரே சரிவில். மேஜைகளுக்குள் ஏழை பணக்காரன் பேதம் வைக்க அந்தக் கட்டடத்தில் மூலையே இல்லை.

நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த பற்றுப்புத்தகத்தில் ஒரு பெண்பேர்கூட நான் பார்த்ததில்லை. எங்க அம்மா எங்க முக்குக் கடையில் ஒருநாளும் உட்கார்ந்து சாயா குடித்ததில்லை. அந்தக் கடை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். விருந்தாளி வந்தால் தூக்குவாளியோடு என்னை அனுப்புவார். வாளியில் வருகிற சாயாவுக்கு அப்பா பேரில் பற்று. அண்டியாபீஸில் (முந்திரி ஆலை) வேலை பார்த்துச் சொந்தமாகச் சம்பாதித்த அக்காமார்களும் கடை வாசலைத் தலைகுனிந்து தாண்டித்தான் போனார்கள். ஜாதிக்குச் சட்டம் வந்தது, பாஷைக்குக் கமிஷன் வந்தது. இதற்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் யாரும் தடுக்கவே இல்லையே! 'பொம்பளைக்கு அங்க என்ன வேலை' என்ற ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

லண்டன் காப்பிக்கடைகளும் ஆம்பளைக் கடைகள்தான். பெண்கள் கல்லாவில் இருக்கலாம், வாடிக்கையாளராக வர மாட்டார்கள். அதை மாற்றியது டீ. 1864-ல் லண்டனில் ஏ.பி.சி. என்ற ரொட்டிக் கம்பெனி டீக்கடை திறந்தது. துணைக்கு ஆண் இல்லாமல் ஒரு பெண் மரியாதையாக உட்கார முடிந்த முதல் பொது இடங்களில் அதுவும் ஒன்று. கிளாஸ்கோவில் கேட் கிரான்ஸ்டன் என்ற பெண்மணி 1878-ல் டீ ரூம் தொடங்கினார், 1903-ல் அவர் திறந்த வில்லோ டீ ரூம்ஸ் இன்று உலகப் புகழ். நாம் வெள்ளிக்கிழமை தேடிப் போகிற மெத்தை நாற்காலி, மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் மூதாதை அந்த அறைகள்தான். அது ஆடம்பரத்துக்காக வந்த சொகுசு இல்லை. உட்கார இடமில்லாதவர்கள் உண்டாக்கிக்கொண்ட இடம்.

எங்கள் பக்கம் அந்த வேலையைச் செய்தது குடும்பஸ்ரீ. 1998-ல் தொடங்கிய பெண்கள் கூட்டமைப்பு. முதலில் சிறுசேமிப்பு, பிறகு கேன்டீன், பிறகு கஃபே. 2020-ல் தொடங்கிய 20 ரூபாய் சாப்பாட்டு ஜனகீய ஹோட்டல்களையும் அவர்கள்தான் நடத்தினார்கள். கல்லாவில் பெண், அடுப்பில் பெண், அதனால் பெஞ்சிலும் பெண். அம்மா எழுபது வயசுக்கு மேல் நெய்யாற்றின்கரையில் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து, தன் பர்ஸிலிருந்து தானே காசு கொடுத்துச் சாயா குடித்தார். "கடுப்பம் பத்தல" என்று குறையும் சொன்னார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இங்கே துபாயிலும் பெஞ்ச் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கஃப்டீரியா வாசலில் கார் ஹாரன் அடித்தால் பையன் ஓடிவந்து கரக் சாயாவை ஜன்னலில் கொடுக்கிறான். அதே சாயாவை சைட் முடித்து வந்த தொழிலாளி நடைபாதை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து குடிக்கிறான். ஒரே விலை, ஒரே பேப்பர் கப், இடம் வேறே. யாரும் தடுக்கவில்லைதான். எங்க அம்மாவையும் யாரும் தடுக்கவில்லை.

பிள்ளைகளைக் கஃபேக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். தம்பானூரில் காலை டிபன், அப்படியே தெற்கே வந்து பாலராமபுரம் நெசவுத் தெரு, ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக் கருகிய பெஞ்ச், அருவிப்புரம், சாயங்காலம் பாறசாலையில் ஏதாவது ஒரு முக்குக் கடை. எல்லாம் ஒரே நாளில் முடிகிற தூரம்தான். வீட்டுப் பெண்களை முதலில் உட்காரச் சொல்லுங்கள். கிளாஸ் சூடாக இருக்கும், விளிம்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் "இதில் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், உட்கார்ந்திருக்கிற பெஞ்சைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.